நீந்தத் தெரிந்த இரத்தம்

தன் உடம்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது. திருவிழாவுக்குப் போகலாம். நெற்சூடு மிதிக்கிற களத்துக்குப் போகலாம். பெண் பார்க்கக்கூடப் போகலாம். அங்கெல்லாம் வெளித்தோலைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் மட்டுந்தான் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்.

இதை நான் இருபத்துநாலு வயதில், வவுனியாவில், பலர் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மாங்குளம் ஸ்ரேசனில் கோச்சியை விட்டு இறங்கி, கிழக்கே காட்டுப் பாதையில் வண்டிலில் போனால் எங்கள் குடியேற்றம் வரும். யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணி சகோதரங்களுக்குள் பிரிந்து பிரிந்து பாய் விரிக்கிற அளவுக்கு வந்துவிட்டதால், எங்கள் தகப்பனாரான ஐயா அரசாங்கம் கொடுத்த காட்டை வெட்டி வயலாக்கினார். வயல் விளையத் தொடங்கிய நேரத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார். வயல் என் தலையில் விழுந்தது. எனக்குத் தலையைவிடத் தோள் பெரிது, அதனால் சமாளித்தேன். நெல்மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி வண்டிலில் போடுவேன். பக்கத்தில் குமர்ப்பிள்ளைகள் யாராவது நின்றால் இரண்டாவதையும் தூக்குவேன். (இரண்டாவது மூட்டைக்குப் பிறகு முதுகுக்கு நல்லெண்ணெய் தேய்த்த விஷயம் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.)

இந்தத் தோளின் பலத்தை ஊரே பார்த்த நாள் ஒன்று உண்டு. பக்கத்து வயல்காரர் கதிர்காமு. நாற்பத்தைந்து வயது இருக்கும், முருங்கைக்காய்போல ஒரு மனிதர், வாயில் எந்த நேரமும் சுருட்டு. அந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் முறைக்காக மதகடியில் எங்கள் இரண்டு பேருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. நான் அவரை இரண்டு கையாலும் தூக்கி வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டேன். அடிக்கவில்லை, இறக்கினேன். சுருட்டு வாயிலேயே இருந்தது, அணைந்துமட்டும் போயிற்று. அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. நானும் அதை ஒரு வெற்றியாக எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பெரிய கவலை என்னுடைய சண்டை அல்ல. என் அக்காவின் மகள் ரதி.

ரதிக்கு அப்போது ஆறு வயது. பிறந்த வருடத்திலிருந்தே வெளிறிய பிள்ளை. கை கால் ஈர்க்குச்சி, வயிறு மட்டும் பானை. கொஞ்சத் தூரம் நடந்தால் மூச்சு வாங்கும், பிறகு என் தோளில் ஏறிக்கொள்வாள். ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு சோர்வும் கிடையாது. தோளில் இருந்தபடியே போகிற வழியிலுள்ள எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்பாள். ஊர் வைத்தியம் பார்க்கிற பரியாரியார் பாண்டு என்றார், செந்தூரம் கொடுத்தார். வயிறு இன்னும் பெருத்தது. வேறொருவர் செய்வினை என்றார். கடைசியில் அக்காவும் அத்தானும் அவளை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்த டொக்டர் இளம் ஆள். அவர் பிள்ளையின் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல.

"நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?"

அக்காவும் அத்தானும் மச்சாள் மச்சான். அத்தான் ஐயாவின் தங்கையின் மகன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கட்டுவார்கள், காணியும் வெளியே போகாது, கதையும் வெளியே போகாது. டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, இது பரம்பரையாக வருகிற இரத்த வருத்தம், பிள்ளையின் உடம்பில் இரத்தம் சரியாக ஊறாது, ஊறுகிறதும் கெதியாக அழிந்துபோகும், வேறு ஆட்களின் இரத்தத்தை ஏற்றி ஏற்றித்தான் வைத்திருக்கலாம் என்றார்.

"எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?" என்று அத்தான் கேட்டாராம்.

"ஏத்துற காலத்துக்கு," என்றாராம் அவர்.

இந்தப் 'பரம்பரை' என்ற சொல் ஊருக்கு வந்து சேர்ந்தவுடன் எங்கள் வீட்டுக்குள் போர் தொடங்கியது. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமி, அதாவது அத்தானின் தாய். இரண்டு பேரும் தங்கள் பக்கம் சுத்தம் என்றார்கள்.

"எங்கட ஆக்கள் எல்லாம் எண்பது வயசு வரைக்கும் தோட்டம் கொத்தினவை," என்றா மாமி. "உன்ர வயித்தாலை வந்த வருத்தம்தான் இது."

அம்மா வாசலுக்கு வந்து என்னைக் கையால் காட்டினா. நான் அப்போது வண்டில் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தேன், மேலில் சட்டை இல்லை.

"என்ர வயித்தாலை வந்தது உவன்தான். பாத்துப்போட்டுக் கதையுங்கோ."

நான் சில்லை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டா. என் உடம்பு ஒரு வழக்கில் சாட்சியாக நின்று வென்றது அந்த ஒரு முறைதான்.

ஆகவே, ரதிக்கு இரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும்படி வவுனியாவிலிருந்து அக்கா சொல்லி அனுப்பியபோது, யார் கொடுப்பது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. நான்தான். மற்றவர்கள் ஒரு துணைக்கு. அம்மா என்னைப் பூசைக்கு விட்ட கிடாய்போலப் பார்த்துப் பார்த்து வளர்த்தா. காலையில் முட்டைக் கோப்பி, மத்தியானம் ஆட்டு ஈரல், இரவில் முருங்கையிலை. எனக்குள் இரத்தம் அலையடிப்பதாகவே நம்பினேன். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று, "ஒரு போத்தல் காணுமோ, ரெண்டு எடுப்பினமோ தெரியேல்லை. ரெண்டெண்டாலும் எனக்குப் பிரச்சினை இல்லை," என்று சொன்னதும் நான்தான்.

அந்தப் 'போத்தல்' என்ற சொல்தான் துணைக்கு வந்தவர்களைக் கெடுத்தது. சாராயப் போத்தல் அளவில் இரத்தத்தை எடுத்துவிட்டால் பிறகு பிள்ளை குட்டி பிறக்காது என்று கோச்சிக்குள் யாரோ கதையைத் தொடக்கிவிட்டார்கள். மாங்குளத்தில் ஏறியவர்கள் எல்லோரும் வவுனியாவில் இறங்கவில்லை. ஒருவருக்குப் புளியங்குளத்தில் மச்சானைப் பார்க்கிற அவசரம் வந்தது. இன்னொருவர் ஓமந்தையில் தண்ணீர் குடிக்க இறங்கினார். அவருக்குத் தாகம் தீரவேயில்லை போலும்.

அதே கோச்சியில், அடுத்த பெட்டியில் கதிர்காமு இருந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாய்க்காலுக்குள் இறக்கியதற்கு என்மேல் வழக்குப் போடப் போகிறார் என்று முடிவு கட்டினேன். ஸ்ரேசனில் இறங்கி அவர் நீதிமன்றப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. எனக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு அத்தாட்சி எடுக்கிறாரோ என்று ஒரு புதுப் பயம் வந்தது.

உள்ளே நீட்டு மரவாங்கில் அக்கா ரதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பிள்ளையின் உதடும் கன்னமும் ஒரே நிறத்தில், அவித்த சோறுபோல இருந்தன. தலையைத் தூக்கி வைத்திருக்க ஏலாமல் அக்காவின் நெஞ்சில் சாய்த்திருந்தாள். என்னைக் கண்டதும் கண் மட்டும் சிரித்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "வந்திட்டியோ," என்றா. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அவா தன் பாரத்தையெல்லாம் எடுத்து என்மேல் வைத்தது எனக்குத் தெரிந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

கதிர்காமு வாங்கின் மறு நுனியில் இருந்தார்.

"அவர் என்னத்துக்கு?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"ரத்தம் குடுக்க எண்டு வந்திருக்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த உடம்பில் கசக்கிப் பிழிந்தாலும் ஒரு தேத்தண்ணிக் கிளாசு தேறாது என்று நினைத்தேன்.

நேர்ஸ் எல்லோரின் விரலிலும் குத்தினா. வெள்ளைத் தட்டில் துளிகளை வைத்து எதையோ கலந்து பார்த்து, ரதியின் இரத்த இனத்துக்குப் பொருந்துகிறவர்கள் இரண்டே பேர் என்றா. நானும் கதிர்காமுவும். மற்றவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியை மறைக்கத் தெரியாமல் வெளியே போனார்கள்.

அடுத்து ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. அதற்குள் நீலத் தண்ணீர். மயில் கழுத்து நீலம். ரதி முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"அது என்ன?"

"மருந்துத் தண்ணி," என்றா நேர்ஸ். "ரத்தம் பலமாய் இருந்தாத் தாண்டு அடிக்குப் போகும். பலமில்லாட்டில் மேலை நிக்கும்." இதை அவா எங்களைப் பார்த்துச் சொன்னா, தாழ்ந்த குரலில். பிள்ளைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

முதலில் கதிர்காமு. அவரின் விரலிலிருந்து குழாயில் எடுத்த துளி நீலத் தண்ணீரில் விழுந்தது. விழுந்ததும் தயங்காமல் நேரே அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. நேர்ஸ் தலையாட்டினா.

பிறகு நான். சட்டைக் கையைத் தேவையில்லாமல் தோள்வரை சுருட்டிக்கொண்டு போனேன். (குத்துவது விரலில்.) என் துளி விழுந்தது. கொஞ்சம் உள்ளே இறங்கியது. இறங்கியது ஏதோ மறந்துவிட்ட மாதிரி நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து, தண்ணீரின் முகத்தில் குந்திக்கொண்டது.

நேர்ஸ் குவளையைத் தட்டிப் பார்த்தா. துளி சுற்றிச் சுற்றி வந்தது, இறங்கவில்லை. இன்னொரு துளி எடுத்து விட்டா. அதுவும் வந்து முதலாவதற்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. நான் என் துளிகளைக் கண்ணால் கீழே தள்ளப் பார்த்தேன். மூட்டை மூட்டையாகத் தூக்குகிறவனின் இரத்தம் இப்படிப் பஞ்சு மாதிரி நிற்கலாமா என்று அதனோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

அப்போதுதான் ரதியின் குரல் கேட்டது. சோர்ந்த குரல்தான், ஆனால் அதில் ஒரு பெருமை.

"அம்மா, மாமான்ர ரத்தம் நீந்துது."

அக்கா அவளின் தலையைத் தடவினா. அவாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"மற்றவற்ர தாண்டு போச்சு. மாமான்ர மட்டும் நீந்துது," என்றாள் ரதி மறுபடியும், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

நேர்ஸ் என்னை ஒதுங்கச் சொன்னா. "உங்களிட்டை எடுக்க ஏலாது. உங்களுக்கே காணாது." கதிர்காமுவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனா. நான் அங்கே என்னத்துக்குப் பின்னால் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏதாவது உதவி செய்யலாம் என்று நினைத்திருப்பேன். மேசைக்கட்டிலில் கதிர்காமு படுத்திருந்தார். சுருட்டு இல்லாத அவரின் வாயை அன்றுதான் முதலில் பார்த்தேன். கையில் பெரிய ஊசியொன்றைச் செருகினார்கள். ரப்பர்க் குழாய் வழியாகக் கறுத்த சிவப்பு இறங்கி, கீழே இருந்த போத்தலின் அடியில் முட்டியது.

அந்தச் சத்தம்தான் நான் கடைசியாகக் கேட்டது.

கண் விழித்தபோது நான் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். விழும்போது இரும்புத் தட்டம் ஒன்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தேனாம். போத்தலில் கை படாதது கடவுள் கிருபை. நெற்றியில் பஞ்சு. தட்டத்தின் விளிம்பு முழங்கையிலும் வெட்டியிருந்ததால் அங்கேயும் ஒரு பஞ்சும் பிளாஸ்ரரும். அந்த நேரம் பார்த்து முறை மாறி, வேறொரு நேர்ஸ் உள்ளே வந்தா. இரண்டு பேர் கிடக்கிறார்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை இறக்கிக்கொண்டிருக்கிறார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மற்றவன் சுண்ணாம்புபோல வெளிறி, கையில் பஞ்சோடு மல்லாந்து கிடக்கிறான். இரத்தம் கொடுத்தவன் யார் என்று அவா முடிவெடுத்தது முழுக்க நியாயம்.

"மெல்ல எழும்புங்கோ தம்பி," என்று தலையைத் தாங்கிப் பிடித்து, சீனி போட்ட பால் தேத்தண்ணியையும் அவித்த முட்டையையும் எனக்குத் தந்தா. நான் குடித்தேன். முட்டையையும் தின்றேன். எனக்கு அப்போது நான் யார் என்பதே பாதிதான் தெரியும். முழுதும் தெரிந்தபோது கிளாசு வெறுமையாக இருந்தது. கதிர்காமு கட்டில் விளிம்பில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்திருந்தது. ரதி அக்காவின் தோளில் இருந்தபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா படுத்திருக்கிறார், மாமாவின் கையில் பஞ்சு, மாமா முட்டை சாப்பிடுகிறார்.

இரத்தத்தைச் சோதித்து முடித்து, போத்தலைக் கொண்டுவந்து ரதியின் கட்டிலுக்கு மேலே கம்பியில் மாட்டினார்கள். டொக்டர் நரம்பைத் தேடி அவளின் கையைப் பிடித்தார். பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள்.

"இது ஆற்ர ரத்தம்?"

டொக்டருக்கு இந்தக் கேள்வி பழக்கமில்லை. "நல்ல ரத்தம்," என்றார்.

"மாமான்ர எண்டாத்தான் விடுவன். மற்றது தாண்டு போற ரத்தம். எனக்குள்ளை வந்தும் தாண்டு போடும். காலுக்குள்ளை போய்க் கிடக்கும்."

அக்கா என்னைப் பார்த்தா. அத்தான் நிலத்தைப் பார்த்தார். பிள்ளை அழத் தொடங்கினாள். அழுவதற்கும் பலமில்லாமல், மூச்சு மூச்சாக இழுத்தாள். நெஞ்சு கோழிக்குஞ்சின் நெஞ்சுபோல அடித்தது. டொக்டர், "அழ விடாதேங்கோ, இருதயம் தாங்காது," என்றார், மெல்ல, ஆனால் நேரமில்லை என்று எல்லோருக்கும் விளங்குகிற குரலில்.

வாசலில் நின்ற கதிர்காமு உள்ளே வந்தார். இறக்கிவிட்ட சட்டைக் கைக்கு மேலே மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"உன்ர மாமான்ர தான் பிள்ளை," என்றார். "நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். குழாயுக்குள்ளாலை துள்ளித் துள்ளி வந்தது."

ரதி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பஞ்சு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய உடற்பலக் காட்சி அதுதான்.

அவள் கையை நீட்டினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு உதட்டில் ஒரு நிறம் வந்தது. எங்கிருந்தோ வழி தெரியாமல் வந்த மாதிரி மெல்லிய ரோசா நிறம். ரதி தன் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"மாமா, இப்ப எனக்குள்ளை நீந்துதோ?"

"ஓம்."

"கூசுது," என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் வெளியே வந்தேன். கதிர்காமு வேப்பமரத்தடியில் நின்று சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குள் இறக்கிய ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு யாரும் படிப்பித்திருக்கவில்லை.

"அண்ணை," என்றேன்.

"பிள்ளைக்குத்தான் குடுத்தனான். உனக்கில்லை."

"தெரியும் அண்ணை."

"வாற வியாழக்கிழமை மதகு எனக்கு."

"சரி அண்ணை."

"விடிய இருந்து பொழுதுபடும் வரைக்கும்."

"சரி அண்ணை."

அவர் புகையை றோட்டுப் பக்கம் ஊதினார். "முட்டை எப்பிடி, நல்லா அவிஞ்சிருந்ததோ?"

நான் சட்டையில் கிடந்த முட்டைத் துணுக்கைத் தட்டிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு பகிடியாக மட்டும் சொல்லலாம். பின்னேரம் டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பூதக்கண்ணாடியில் பார்த்ததாகச் சொன்னார். பிள்ளைக்கு உள்ள வருத்தத்தின் விதை என்னிலும் இருக்கிறது. எனக்கு அதனால் பெரிய கரைச்சல் வராது, கொஞ்சம் இரத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் தகப்பனின் வழியில் வந்திருக்க வேண்டும், அவர் தங்கைக்கும் அதே வழி, அதனால்தான் பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் வந்துவிட்டது என்று கடதாசியில் கோடு கீறிக் காட்டினார்.

"நீர் கலியாணம் முடிச்சிட்டீரோ?"

"இல்லை. பேசி வைச்சிருக்கு."

"சொந்தத்திலையோ?"

"அத்தான்ர தங்கச்சி."

அவர் பேனையை மூடினார். "அந்தப் பிள்ளையையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும். பாக்காமல் கலியாணத்தை முடிக்காதையும்."

அக்காவை அத்தானுக்கும், அத்தானின் தங்கையை எனக்குமாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்த மாற்றுச் சம்பந்தம் அது. நான் வீட்டுக்கு வந்து டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. வழக்கில் வென்ற சாட்சி இப்படிப் புரண்டு போனதை அவாவால் தாங்க முடியவில்லை. மாமியோ மகளின் விரலில் ஊசி குத்த விடமாட்டேன் என்று ஒரே பிடியில் நின்றா.

"குத்திப்போட்டு, மிதக்குது எண்டாப் பிறகு ஆர் வந்து கட்டுவான்?"

எனக்குப் பேசி வைத்த அந்த மச்சாளைக் கிணற்றடியில் கண்டு நானே கதைத்தேன். அவள் வாளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ரையும் மிதக்குமோ மச்சான்?"

"தெரியாது. பாத்தால்தான் தெரியும்."

"மிதந்தாலும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். சொன்ன உங்களுக்கு நடந்ததைப் பாத்தனான் தானே."

நடந்தது உண்மை. ஊருக்குள் என் இரத்தம் தண்ணீர் என்ற கதை எனக்கு முன்னமே கோச்சியில் வந்து இறங்கியிருந்தது. மூட்டை தூக்கப் போனால், "பாலன், காத்தடிக்குது, மிதந்து போடுவாய், கவனம்," என்பார்கள். குமர்ப்பிள்ளைகள் நிற்கும்போது இரண்டாவது மூட்டை தூக்குவதை விட்டேன். முதுகுக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. மச்சாளை அடுத்த வருடமே யாழ்ப்பாணத்தில் தூரத்து இடத்தில் கலியாணம் செய்து கொடுத்தார்கள். போகும்போது அவள் எங்கள் வாசற்படலைப் பக்கம் திரும்பவில்லை. நானும் வெளியே வரவில்லை.

ரதிக்குப் பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் போனேன். போய், கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, அவள் பார்க்கிற இடத்தில் படுத்தேன். நேர்ஸ்மார் பழகிவிட்டார்கள், நான் கேட்காமலே பிளாஸ்ரர் தருவார்கள். இரத்தம் வேறு ஆட்களுடையது. எடுக்கக்கூடிய போதெல்லாம் கதிர்காமுவுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் மதகுச் சண்டை நிற்கவில்லை. ஒருமுறை மண்வெட்டியும் தூக்கினோம். அந்த வாரமே கோச்சியில் ஒரே வாங்கில் இருந்து வவுனியாவுக்குப் போனோம்.

ஒன்பதாவது வயதில், மாரி பெருக்கெடுத்த நேரம், ரதிக்குக் காய்ச்சல் வந்தது. பாதையெல்லாம் வெள்ளம். உழவு மெசினில் ஏற்றி றோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லொறி பிடித்துப் போகச் சுணங்கிவிட்டது. போத்தல் மாட்டினார்கள். நான் வழக்கம்போலப் பஞ்சோடு பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"கனக்கக் குடுத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப போய்ப் படுங்கோ மாமா. முட்டையைச் சாப்பிடுங்கோ."

பிறகு அவள் கதைக்கவில்லை. போத்தல் முடியவில்லை, பிள்ளை முடிந்துவிட்டாள். பாதியில் நின்ற போத்தலை நேர்ஸ் கழற்றி எடுத்துக்கொண்டு போனபோது, அத்தான் அதைத் தரும்படி கேட்டார். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அக்கா அழவில்லை. என் கையில் இருந்த பிளாஸ்ரரை மெல்லக் கழற்றினா. கீழே காயம் ஒன்றும் இல்லாத தோலைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தா.

கதிர்காமு செத்த வீட்டுக்கு வந்து, கடைசிவரை வேலியோரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த சிறுபோகத்தில் நாங்கள் மறுபடியும் சண்டை பிடித்தோம். ஆனால் தூக்கி இறக்குகிற எண்ணம் எனக்கு வரவில்லை.

என் கலியாணம் பிந்தித்தான் நடந்தது. பெண் முல்லைத்தீவுப் பக்கம், எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லாத குடும்பம். சாதகம் பார்க்க முதல் நான் அவளை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நீலத் தண்ணீருக்கு முன்னால் நிறுத்தினேன். துளி நேரே அடிக்குப் போனது. அதோடு விடாமல் டொக்டர் பூதக்கண்ணாடியிலும் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். என் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லுவாள்: "எனக்குச் செவ்வாய் பாக்கேல்லை, வெள்ளி பாக்கேல்லை. ஊசியாலை குத்தித் தண்ணிக்குள்ளை விட்டுத்தான் இவர் என்னைக் கட்டினவர்." எங்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அவர்களின் கலியாணத்துக்கும் சாத்திரியாருக்கு முதல் இரத்தச் சோதனைதான்.

ஆனால் வீட்டில் நிலைத்துப் போன பகிடி அதுவல்ல. அது ரதியினுடையது. நல்லநாள் பெருநாளில் சொந்தமெல்லாம் கூடினால், யாராவது ஒரு பிள்ளை என் கதையைக் கேட்கும். அதைச் சொல்லுகிறவ அக்காதான், வேறு யாரையும் சொல்ல விடமாட்டா. நீலத் தண்ணீர், நான் சுருட்டிய சட்டைக் கை, முட்டை, எல்லாம் சொல்லுவா. அந்த இடம் வந்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சோர்ந்த சின்னக் குரலில், "அம்மா, மாமான்ர ரத்தம் நீந்துது," என்பா. வீடு முழுக்கச் சிரிக்கும். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அக்கா அடுத்தமுறை சொல்லாமல் விட்டுவிடுவா. அவா சொல்லாவிட்டால், அந்தக் குரலை நாங்கள் வேறு எங்கே போய்க் கேட்பது.